மறைவு வேண்டி ஒரு மனு

கைதியாவதற்கு முன்னர் இருபத்தாறு ஆண்டுகள் அவள் பெரிய மருத்துவமனையொன்றின் பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்தவள். ஆகவே சிறைக்குள் வந்த பின்னும் ஆயாம்மா என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது.

அந்த வார்டில் நாற்பது கட்டில்கள். அழைப்பு மணி என்ற ஒன்று கட்டடம் கட்டிய காலத்தில் இருந்ததாகச் சொல்வார்கள்; அவள் கண்டதில்லை. எழுந்து நடக்க மாட்டாத நோயாளிக்குப் பெட்பேன் வேண்டுமென்றால் படுத்தபடியே கையைத் தூக்க வேண்டும். கை தெரிந்த மாத்திரத்தில் ஆயா ஒரு கையில் பெட்பேனும் மறு கையில் மறைவுமாக வந்து நிற்பாள். மறைவு என்பது சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் பச்சைத் துணி கட்டிய மூன்று மடிப்புத் தட்டி. அதற்கு வார்டில் வேறு பெயர் கிடையாது. "ஏழாம் நம்பருக்கு மறைவு வை", "பதினொண்ணுல மறைவு எடுத்தாச்சா?" என்றுதான் நர்சுகளும் பேசுவார்கள், பெரிய டாக்டரும் பேசுவார். நாற்பது கட்டிலுக்கு மூன்றே மறைவுகள். மூன்றும் வேறிடத்தில் இருக்கும்போது கை தூக்குகிற நோயாளியிடம், "கண்ணை இறுக்கி மூடிக்கம்மா. மறைவு வச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் காரியத்தை முடித்துவிடுவாள். அவர்களும் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அது தன் சாமர்த்தியம் என்று ஆயாவுக்கு உள்ளூர ஓர் எண்ணம் உண்டு.

வார்டு அலமாரியிலிருந்து வலி போக்கும் ஊசி மருந்து பன்னிரண்டு குப்பிகள் காணாமற்போயின. அலமாரியின் சாவி நால்வர் கையில் புழங்கியது. அவர்களில் மூவருக்கு நல்ல வக்கீல் கிடைத்தார். விசாரணை முடியாமலே ஆயாவுக்குச் சிறையில் ஒன்றேகால் ஆண்டு கழிந்துவிட்டது.

அறை எண் நான்கு. நீளம் பத்தடி, அகலம் எட்டடி. இரண்டு சிமெண்டு மேடைகள். ஒன்றில் ஆயா, மற்றொன்றில் வக்கீலம்மா. வக்கீலம்மா வக்கீலுக்குப் படித்தவளல்லள். வக்கீல் ஒருவரிடம் தட்டச்சு செய்துகொண்டிருந்து, அவருடைய கையொப்பத்தை அவரைக் காட்டிலும் அழகாகப் போட்டதனால் உள்ளே வந்தவள். அறையின் மூலையில் கழிப்பிடம். அதற்கும் மேடைகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவள் பார்வைக்கு அச்சுவர் போதும். எதிர்மூலையில் விதானத்தை ஒட்டி இருந்த காமிராவுக்கு அது ஒரு பொருட்டே அன்று. எலுமிச்சை அளவுக் கறுப்புக் கண்ணாடி, அதன் கீழே கடுகளவு சிவப்புப் பொட்டு. அந்தப் பொட்டு எரியுமட்டும் காமிராப் படங்களைப் பார்க்கும் திரையறையில் யாரோ ஒருவர் முன்னால் நான்காம் எண் அறை விரிந்து கிடக்கும். அந்த யாரோ ஆணா பெண்ணா என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஆனால் நாள்தோறும் காலை பத்து மணிக்கு ஜெனரேட்டரை ஓட்டிச் சோதிப்பார்கள். மின்சாரம் நின்று, ஜெனரேட்டர் இருமி எழுந்து, விளக்குகள் உடனே எரிந்துவிடும். காமிராக்களுக்கு மட்டும் உயிர் திரும்ப ஆறு நிமிடம் பிடிக்கும். பெண்கள் பகுதியின் பன்னிரண்டு அறைகளும் அந்த ஆறு நிமிடத்தை நம்பியே இருந்தன. பொட்டு அணைந்ததுதான் தாமதம், எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் வாளிச் சத்தம் கேட்கும். "ஏய், சீக்கிரம்டி, நீ என்ன குடித்தனமா நடத்துற அங்கே?" என்று ஒருத்தி கத்துவாள். சிரிப்பு வரிசையாக அறைக்கு அறை போகும். ஒரு நாளில் அந்தப் பகுதியில் சிரிப்புக் கேட்பது அப்பொழுதுதான்.

ஆயாவுக்கு அந்த ஆறு நிமிடம் போதவில்லை. ஒருமுறை போய்விட்டு இருபத்துநான்கு மணி நேரம் அடக்கிக்கொள்ள அவளுடைய ஐம்பத்தாறு வயது உடம்பு ஒப்பவில்லை. அதனால் தண்ணீரைக் குறைத்தாள், கஞ்சியைக் குறைத்தாள். நீர்க்கடுப்பு வந்தது. சிறை மருத்துவர் பார்த்துவிட்டு, "தண்ணி நிறையக் குடிங்க" என்றார்.

"குடிச்சுட்டு எங்கேங்க போறது?" என்று ஆயா கேட்டாள். அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல் மாத்திரை எழுதினார்.

மூன்றாம் முறையாகக் காய்ச்சல் வந்து இறங்கியபோதுதான் மனு எழுதுவதென்று முடிவாயிற்று. வக்கீலம்மா மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கக்கா. என்ன வேணும் உங்களுக்கு? கோர்ட்டுல இதுக்குத் தனியுரிமைன்னு பேரு. அதையே போட்டுடலாம்."

"தனியுரிமையா? தனிக்குடித்தனம் கேக்குற மாதிரி இருக்கு. இந்தப் பெரிய வார்த்தையெல்லாம் போட்டா, ஆயாவுக்கு வந்த வாழ்வைப் பாருன்னு சிரிப்பாங்க."

"அப்போ அந்தரங்கம்?"

ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சீ. அந்த வார்த்தையை எழுதாதே. பெட்டிக்கடையில கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பானே, அந்தப் புஸ்தகத்து மேலே இருக்கிற வார்த்தை அது."

"கக்கூஸ்ல காமிரா தெரியுதுன்னு நேரா எழுதிடவா?"

"ஆம்பளைங்க கையில போற காகிதம்மா. அந்த இடத்துப் பேரே அதுல வரக்கூடாது. மறைவு வேணும்னு எழுது. கௌரவமான வார்த்தை. எங்க பெரிய டாக்டரே அப்படித்தான் சொல்லுவார்."

வக்கீலம்மா ஒரு கணம் பேனாவை நிறுத்தினாள். ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. ஆயாவோ தன் போர்வையையும், மேலே ஓடும் குழாயையும் மாறி மாறிப் பார்த்து அளவெடுத்துக்கொண்டிருந்தாள். மனு இவ்வாறு முடிந்தது:

"அறையில் ஓயாமல் காமிரா ஓடுவதால் எனக்கு இரவு பகல் நிம்மதி இல்லை. என் வயதையும் நோயையும் கருதி எனக்குக் கூடிய விரைவில் மறைவு கிடைக்க அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இதற்காகச் சிறை நிர்வாகம் எதுவும் செலவிட வேண்டியதில்லை. என்னிடம் உள்ள போர்வையே போதும். இதனால் யாருக்கும் எந்தத் தொல்லையும் வராது என்று உறுதி கூறுகிறேன்."

ஆயா அதனை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மனத்துக்கு நிறைவாக இருந்தது. கீழே தன் பெயரைத் தானே எழுதினாள்.

மனு போன மூன்றாம் நாள் மனநல அலுவலர் வந்தார். தோளில் பையும், கையில் அச்சடித்த படிவமும், முகத்தில் தாழ்ந்த குரலுக்கேற்ற சாந்தமும் கொண்ட இளம்பெண் அவர். தன் மனுவை இத்தனை விரைவில், அதுவும் ஒரு பெண்ணிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களே என்று ஆயா நெகிழ்ந்துபோனாள்.

"உங்க மனுவைப் படிச்சேன்மா. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. நான் கேக்குறதுக்கு மறைக்காமப் பதில் சொல்லணும், சரியா?" என்று சொல்லி அலுவலர் படிவத்தைப் பார்த்து வாசித்தார். "இங்கேயிருந்து மறைஞ்சுடணும்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?"

"எப்பவாவதா? தினமும் பத்துத் தடவை தோணும்."

"எத்தனை நாளா?"

"வந்த நாள்லேருந்து."

அலுவலர் கட்டங்களில் குறியிட்டார். "எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?"

ஆயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேட்பார் இல்லாத காரியத்தை ஒருவர் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறாரே. "அதெல்லாம் யோசிச்சு வச்சுட்டேங்க. போர்வை இருக்கு. மேலே குழாய் இருக்கு. ஒரு முடிச்சுதான். அஞ்சு நிமிஷ வேலை."

"இதை உங்க மகள்கிட்டே சொல்லியிருக்கீங்களா?"

"அவகிட்டே எதுக்குங்க இதெல்லாம்? கூச்சமா இருக்கும்ல."

அலுவலர் ஆயாவின் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இனிமே உங்களைத் தனியா விட மாட்டோம்மா" என்றார்.

அன்று பிற்பகலே வந்தார்கள். போர்வையை எடுத்தார்கள், துண்டை எடுத்தார்கள், பாவாடையின் நாடாவை உருவினார்கள். உடுத்தியிருந்ததையும் வாங்கிக்கொண்டு, மெத்தை உறைபோலத் தடித்த, கிழிக்கவும் முடியாத மடிக்கவும் முடியாத அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். நடைபாதையின் கோடியில் தனிக்கவனிப்பு அறை. அங்கே சுவர்கள் நான்கும் வழவழவென்றிருந்தன. கழிப்பிடத்துக்கு இடுப்பளவுச் சுவர் இல்லை. விளக்குக்கு உள்ளே பொத்தான் இல்லை. காமிராக்கள் இரண்டு, எதிரெதிர் மூலைகளில். அவற்றுக்குத் தனியே பாட்டரி இருந்தது. மறுநாள் பத்து மணிக்கு ஜெனரேட்டர் இருமியபோது விளக்கு ஒருமுறை கண்ணடித்தது. சிவப்புப் பொட்டுகள் இரண்டும் அப்படியே எரிந்தன.

விதிப்படி வீட்டுக்குத் தகவல் போயிற்று. மகள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வந்து அமர்ந்து, தொலைபேசியை எடுத்தவுடன் அழுதாள். மாப்பிள்ளை அவள் காதோடு காதாக ஒட்டி நின்றான்.

"எங்களையெல்லாம் விட்டுட்டுப் போயிடணும்னு எழுதினியாமே. அப்படி என்னம்மா நாங்க பண்ணிட்டோம் உனக்கு?"

தான் கேட்டது என்ன, அவர்கள் படித்தது என்ன என்பது ஆயாவுக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. மகளுடைய அழுகை ஒருபுறமிருக்க, மாப்பிள்ளையின் காது அந்தத் தொலைபேசியில் ஒட்டியிருந்தது. அவன் காதில் அவள் எதைச் சொல்வாள்?

"அது வேற மறைவுடி" என்றாள். "உனக்குச் சொன்னாப் புரியாது."

மகள் அதையும் சாவென்றே எடுத்துக்கொண்டு முன்னிலும் பெரிதாக அழுதாள்.

கண்காணிப்பாளரைப் பார்க்க அனுமதி கிடைப்பதற்கு மேலும் ஒன்பது நாள்கள் ஆயின. கண்காணிப்பாளர் அம்மையார் கெட்டவரல்லர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தடித்த அங்கி மடங்காததனால் ஆயா நாற்காலியின் நுனியில் சாய்ந்தாற்போல் நின்றாள். மேசைமேல் அவளுடைய மனு இருந்தது. மறைவு என்ற சொல்லின் கீழே எழுத்தர் சிவப்பு மையால் இருமுறை கோடிட்டிருந்தார்.

"எங்க வார்டுல தட்டிக்குப் பேரு மறைவுங்க மேடம்" என்று ஆயா தொடங்கினாள். வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்: பெட்பேன், பச்சைத் துணி, நீர்க்கடுப்பு, குழாய், முடிச்சு. கண்காணிப்பாளர் முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு உதட்டை மடித்துக்கொண்டார். கடைசியில் அடக்க மாட்டாமல் சிரித்தே விட்டார்.

"திரைன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமேம்மா."

"திரைன்னா ஜன்னல்ல தொங்குறதுங்க, மேடம்."

"சரி. நான் நம்புறேன். ஆனா நீங்க சாக நினைக்கலைன்னு நான் நம்பினாப் போதாது, மனநலக் குழு நம்பணும். அவங்க எதை வச்சு நம்புவாங்க?"

அந்த இடத்தில்தான் ஆயா தவறினாள். தன்னை மெய்ப்பிக்க வேண்டுமென்ற ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது. "சாகணும்னு நினைச்சிருந்தா அந்த ஆறு நிமிஷம் போதுமேங்க, மேடம். தினமும் பத்து மணிக்குக் காமிரா எல்லாம் அணைஞ்சுதானே கிடக்கு. ஒண்ணேகால் வருஷமா அந்த ஆறு நிமிஷத்துல நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். பன்னிரண்டு அறையிலயும் கேட்டுப் பாருங்க."

கண்காணிப்பாளரின் சிரிப்பு நின்றது. மணியை அழுத்தித் திரையறை ஊழியனை வரவழைத்தார். ஆயாவின் மகள் வயதுதான் இருக்கும் அவனுக்கு. பிஸ்கட் துகளைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தான்.

"பத்து மணிக்கு என்ன நடக்குது?"

அவன் ஆயாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "மின்மாற்றம், மேடம். பதிவேட்டுல எழுதியிருக்கு."

"ஆறு நிமிஷம் படம் இல்லைன்னு எழுதியிருக்கா?"

"அந்த நேரத்துல நாங்க டீ குடிக்கப் போயிடுவோம், மேடம்."

தான் செய்தது என்னவென்று ஆயாவுக்கு உறைத்தது. "மேடம், நான் சொன்னது என் ஒருத்தியைப் பத்தி மட்டும்தான். அதை நீங்க கேக்காத மாதிரி விட்டுடுங்க."

"கேட்டுட்டேனேம்மா" என்றார் கண்காணிப்பாளர். அவர் குரலில் கடுமை இல்லை. மெய்யாகவே வருத்தம் இருந்தது. "நாளைக்கு அந்த ஆறு நிமிஷத்துல யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா, தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க. உங்க கோப்பைக் குழுவுக்கு அனுப்புறேன். தொண்ணூறு நாள் ஆகும். அதுவரைக்கும் தனிக்கவனிப்புதான்."

"திரை?"

"தனிக்கவனிப்புல இருக்கிறவங்களுக்குத் திரை கொடுக்கக் கூடாதும்மா. விதி."

வெளியே அழைத்துச் செல்லும்போது அந்த ஊழியன் ஆறுதலாகச் சொன்னான்: "அம்மா, நீங்க வீணா மனசைப் போட்டு அலட்டிக்கிறீங்க. நாப்பத்தெட்டுப் படம் ஓடுது. நாங்க யாரும் அதையெல்லாம் உத்துப் பார்க்கிறதே இல்லை."

"பார்க்காததுக்கு எதுக்குப்பா மாட்டி வச்சிருக்கீங்க?"

"அது மேலிடம்" என்றான் அவன்.

அந்த வாரக் கடைசியில் மின்வேலைக்காரர் இருவர் ஏணியோடு வந்தார்கள். ஆயா தன் அறைக் கதவின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கு அறை ஏணியை வைத்தார்கள்; செங்கல் அளவுப் பாட்டரிப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள்; ஏணியை எடுத்தார்கள். வேலை சுத்தமாக நடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர் இருமியது. ஒரு வாளி கூட நகரவில்லை. எந்த அறையிலிருந்தோ யாரோ, "அணையலையேடி" என்று சொன்னது கேட்டது. அவ்வளவுதான். ஆறு நிமிடமும் நடைபாதையில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல், நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது: "ஆயாம்மா, நல்லா இருங்க."

அது வாழ்த்தன்று.

நடைபாதை கழுவும் முறை வந்த அன்று வக்கீலம்மா துடைப்பத்தோடு கதவருகே வந்தாள். குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, எல்லாரும் உங்க மேலே கோவத்துல இருக்காங்க."

"இருக்கட்டும். இருக்க வேண்டியதுதானே."

"ஆறாம் நம்பரு சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சுட்டா. எட்டாம் நம்பரு காமிராவுக்குக் குறுக்கே துண்டைப் பிடிச்சா. மறைத்தல்னு குத்தம் எழுதி ஒரு மாசத்துப் பார்வையாளரை வெட்டிட்டாங்க. மறைவுன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சுக்கா. பேப்பர்ல கறுப்புக் கட்டம் போட்டு வருமே, அந்த வார்த்தைன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

"நீ அந்தரங்கம்னு சொன்னே. நான்தான் அசிங்கம்னேன்."

"இன்னொரு மனு எழுதவா? நேரா, கக்கூஸ்னே போட்டு?"

ஆயா கதவுக் கண்ணாடி வழியே ஈரத் தரையைப் பார்த்தாள். "என்னன்னு எழுதினாலும் அவங்களுக்கு வேற ஒண்ணாத்தான் படும்மா. தண்ணியை நல்லாத் தள்ளு, அந்த மூலையில சோப்பு நிக்குது பாரு."

வக்கீலம்மா தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போய்விட்டாள்.

தனிக்கவனிப்பில் உணவை மீதம் வைக்க முடியாது; மீதம் வைத்தால் அதுவும் சாகும் எண்ணத்தின் குறியென்று எழுதப்படும். தண்ணீரும் அளந்து கொடுத்துக் குடிக்கவைத்தார்கள். ஆகவே அடக்கும் வழியும் அடைபட்டது. முதல் சில நாள் ஆயா அங்கியைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். அது பலகைபோல் விறைத்து நின்றதே ஒழிய எதையும் மூடவில்லை.

ஒரு நாள் முற்பகல், வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்த வேளையில், அவள் போய் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பொட்டு. பின்னே ஒரு பொட்டு. மூன்று மறைவுகளும் வேறெங்கோ இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டாள். வார்டில் சொல்வதுபோலவே தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்: கண்ணை இறுக்கி மூடிக்கம்மா, மறைவு வச்ச மாதிரிதான். மூடினாள். இறுக்கி மூடினாள்.

ஒன்றும் மறையவில்லை. உட்கார்ந்திருக்கும் தன்னை முன்னிருந்தும் பின்னிருந்தும், பார்ப்பவர் பார்க்கிறபடியே, மூடிய இமைக்குள் தெளிவாகக் கண்டாள். இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனை பேர் தலையசைத்துக் கண்ணை மூடியிருப்பார்கள். ஒருத்தியாவது, இது பொய் ஆயாம்மா என்று சொன்னதில்லை. அவசரமாக நின்றிருந்த அவள் மனம் நோகக்கூடாதென்றுதான் தலையசைத்தார்கள் போலும்.

அப்பொழுது சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பிஸ்கட் தின்கிற அந்த ஊழியனின் குரல்தான்; அன்று அவன் கவனமாகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, கண்ணை மூடி ஒரு நிமிஷத்துக்கு மேலே ஆச்சு. நினைவு இருக்கான்னு நான் எழுதணும். கண்ணைத் திறந்து, கையைத் தூக்கிக் காட்டுங்க."

ஆயா கண்ணைத் திறந்தாள். உட்கார்ந்த நிலையிலேயே வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"சரி, தெரியுது" என்றது ஒலிபெருக்கி. "இறக்கிடலாம்."